காருக்கு ஸ்பிரே சீலன்ட்: முதல்முறை கையால் அடிப்பவர்களுக்கு

என் மச்சினன் கருநீல நிறத்தில் ஒரு கார் எடுத்தான். ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வெயில் சாய்வாக விழும்போது பானெட்டைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். பானெட்டில் தெரிந்த சூரியனைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். வண்டியை யாரும் இடிக்கவில்லை, உரசவில்லை. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி துடைத்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் கார் பெயின்ட்டைப் பற்றி உட்கார்ந்து தெரிந்துகொள்ள ஆரம்பித்தோம். இப்போது எங்கள் குடியிருப்பில் யார் புது வண்டி எடுத்தாலும், பெயின்ட்டின் மேல் காப்புப் படலமாக நிற்கும் சீலன்ட்டை முதல்முறை அடிக்கும்போது நானும் கூட நிற்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சீலன்ட் எதன்மேல் உட்காருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கார் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது முடியைவிட மெல்லிய ஓர் ஏடுதான் வெயிலையும் மழையையும் காக்கை எச்சத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பாலிஷ் போடும்போதெல்லாம் அந்த ஏட்டிலிருந்து கொஞ்சம் தேய்ந்து போகிறது. தேய்ந்தது திரும்ப வராது. அதனால்தான் கீறல் விழுந்த பிறகு பாலிஷ் போடுவதைவிட விழாமல் பார்த்துக்கொள்வது மேல் என்கிறேன்.

ஸ்பிரே சீலன்ட் என்பது பாலிமரோ சிலிக்கா சார்ந்த பொருளோ கலந்த திரவம். அடித்துத் துடைத்ததும் திரவம் ஆவியாகி, ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம் கிளியர் கோட்டின் மேல் தங்கும். அந்தப் படலத்தில் தண்ணீர் பரவி நிற்காது, சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். அழுக்கு அவ்வளவு சுலபமாக ஒட்டாது. காக்கை எச்சம் விழுந்தால் அது பெயின்ட்டை அரிப்பதற்குள் துடைக்க நமக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றின் பிசுபிசுப்பு ஒரே கழுவலில் போய்விடும். இதுதான் இதன் பயன். கல் தெறித்தால் காக்காது, சாவிக் கீறலைத் தடுக்காது, ஏற்கெனவே இருக்கும் கீறலையும் மறைக்காது. இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பழைய வழி மெழுகு. பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகுதான் அதில் உயர்ந்தது. அழகான ஆழமான மினுமினுப்பு தரும். ஆனால் அது உருகுவது 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. நம் ஊர் மே மாத வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடும். அங்கே மெழுகு சில வாரங்களில் தளர்ந்துவிடும். சீலன்ட் பாட்டிலில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று போட்டிருப்பார்கள். வெயிலில் நிற்கும் வண்டி என்றால் மூன்று மாதம் என்றே நான் கணக்கு வைப்பேன்.

அப்புறம் செராமிக் என்ற சொல். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பாலிஷ் போட்டு, சின்னக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தடவி, வருடக் கணக்கில் நிற்கும் என்று சொல்கிறார்களே, அந்த செராமிக் கோட்டிங் வேறு. சில நூறு ரூபாய் ஸ்பிரே பாட்டிலில் செராமிக் என்று எழுதியிருந்தால் அது நம் சீலன்ட்டின் உறவுக்காரன்தான். நல்ல பொருள்தான், வாங்கலாம். வருடக் கணக்கை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை

சீலன்ட் பாட்டில் ஒன்று. வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். காய்ந்த வண்டியில் அடித்துத் துடைப்பது ஒரு வகை. ஈரமான வண்டியில் அடித்து உடனே தண்ணீரால் அலசிவிடுவது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை முதல் வகைக்கு. இரண்டாம் வகையை வாங்கிவிட்டுக் காய்ந்த பெயின்ட்டில் அடித்தால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

கார் ஷாம்பூ. பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணிப் பவுடரும் வேண்டாம். துணிப் பவுடரில் காரம் அதிகம், ரப்பர் பீடிங்கையும் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் வெளுக்க வைக்கும். மெழுகு கலந்த ஷாம்பூவும் இந்த வேலைக்கு முன்னால் வேண்டாம், அது விட்டுவிட்டுப் போகும் படலம் சீலன்ட்டைப் பிடிக்க விடாது.

இரண்டு வாளி, கழுவுவதற்கு மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, ஈரம் ஒற்ற ஒரு பெரிய துண்டு, சீலன்ட்டுக்கென்று சின்ன மைக்ரோஃபைபர் துணிகள் குறைந்தது நான்கு. துணி உறையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 300 முதல் 400 வரை உள்ளது சீலன்ட்டுக்குச் சரியாக இருக்கும். ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிளைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள், அதுவே கீறும். புதுத் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டுத்தான் பெயின்ட்டில் வைக்க வேண்டும்.

பனியன் வேஸ்ட் வேண்டாம். மெக்கானிக் கடையில் எண்ணெய் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதில் தையலும் பட்டன் துணுக்கும் எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எப்போது, எங்கே

வெயிலில் கூடாது. இந்த ஒன்றை மீறினால் மற்ற எல்லாம் வீண். நாங்கள் மீறித்தான் கற்றுக்கொண்டோம். கத்திரி வெயில் காலம், காலை பதினொரு மணி, மச்சினனின் கருநீல பானெட். முழு பானெட்டுக்கும் ஒரேயடியாக ஸ்பிரே அடித்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினேன். பத்து எட்டுக்கூட இருக்காது. திரும்பி வருவதற்குள் சீலன்ட் அங்கங்கே காய்ந்து, சாலையில் சிந்திய டீசல்போல வானவில் நிறத்தில் படிந்துவிட்டது. துடைத்தால் பிசுபிசுவென்று இழுத்தது, போகவில்லை. அதை எப்படி எடுத்தோம் என்று பின்னால் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். போர்ட்டிகோ, கீழ்த்தளப் பார்க்கிங், எதுவாக இருந்தாலும் நிழல் இருக்க வேண்டும். ஓடி வந்த வண்டி என்றால் என்ஜின் சூடு பானெட்டுக்கு ஏறியிருக்கும், ஆறட்டும். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சுடாமல் இதமாக இருந்தால் சரி.

ஆடிக் காற்றில் திறந்தவெளியில் செய்யாதீர்கள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மண் வந்து விழும், நாம் அதையே வைத்துத் தேய்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேறு பிரச்சினை: காற்றில் ஈரம் அதிகம், சீலன்ட் சட்டென்று ஆவியாகாமல் எண்ணெய்போல இழுபடும். அப்போது அளவைக் குறைத்து, சின்னச் சின்னப் பகுதியாகச் செய்ய வேண்டும். நான் பார்க்கிங்கில் ஒரு பெடஸ்டல் ஃபேனை ஓடவிடுவேன். நல்ல உதவி.

கழுவுவது

உண்மையில் வேலையே இதுதான். சீலன்ட் அடிப்பது முக்கால் மணி நேரம். கழுவித் துடைத்துத் தயார் செய்ய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அழுக்கின் மேல் சீலன்ட் அடித்தால் அழுக்கைத்தான் பூட்டி வைக்கிறோம்.

சக்கரத்தை முதலில் முடியுங்கள். அதற்கென்று தனித் துணி, தனித் தண்ணீர். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் சேர்ந்திருக்கும், அந்தத் துணி பெயின்ட் பக்கமே வரக் கூடாது. பிறகு முழு வண்டியையும் டியூப் தண்ணீரால் நன்றாக நனைத்து, தளர்ந்திருக்கும் மண்ணை ஓடவிடுங்கள். கை வைப்பதற்கு முன்னால் தண்ணீரே எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறதோ அவ்வளவு கீறல் குறையும்.

ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கழுவி முடித்ததும் அந்த அலசும் வாளியின் அடியைப் பாருங்கள். அரை ஸ்பூன் மணல் கிடக்கும். ஒரே வாளியாக இருந்திருந்தால் அத்தனையும் திரும்பத் திரும்பப் பெயின்ட்டுக்குத்தான் போயிருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் யாரும் ஒற்றை வாளிக்குத் திரும்பியதில்லை.

கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். கதவின் கீழ்ப்பாதி, பின் பம்பர் எல்லாம் கடைசியில். அழுத்தித் தேய்க்க வேண்டாம், கையுறையின் எடையே போதும். வட்டமாகச் சுற்றாமல் நீளவாக்கில் இழுங்கள். வட்டக் கீறல் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும். நேர்க்கோட்டுக் கீறல் ஒரு கோணத்தில்தான் தெரியும்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதில் நம் ஊரில் கவனம் வேண்டும். நாங்கள் இருப்பது திருவான்மியூர்ப் பக்கம். போர் தண்ணீர் உப்பு. வண்டியில் அப்படியே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும். வெயிலில் இறுகிவிட்டால் ஷாம்பூவுக்குப் போகாது. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வண்டி கழுவப் பயன்படுத்தலாம் என்று நல்லெண்ணத்தோடு பலர் சொல்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. தரை கழுவ, கழிவறைக்கு ஊற்ற அது சரி. பெயின்ட்டுக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது, உப்பு அநேகமாக இருக்காது. சென்னை புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்குப் பாதி வாளியாவது சேரும். மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசியாக மேலிருந்து ஊற்றி வழியவிட்டால் புள்ளி விழாது.

சொரசொரப்பைக் கண்டுபிடிப்பது

ஈரத்தைத் துடைப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டுங்கள். வெறும் விரலுக்கு வழவழவென்று இருந்த இடம், கவர் போட்டதும் மணல்தாள்போல நெருநெருவென்று தட்டுப்படும். தார்த் துளி, மரப்பிசின், இரும்புத் தூள் எல்லாம் பெயின்ட்டில் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. ரயில் பாதை ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் வெள்ளைக் காராக இருந்தால் கூர்ந்து பாருங்கள். குண்டூசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது இரும்புத் தூளின் துரு.

புது வண்டிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. நெருநெருப்பு இருந்தால், ஒட்டியிருப்பதைப் பிடித்து எடுக்கும் கிளே பார் என்ற கட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்க மாவு உருண்டைபோல இருக்கும். பெயின்ட்டில் ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்த வழுக்கலில் கிளேயை அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஆரம்பத்தில் பிடித்து இழுக்கும், சத்தம் வரும். பிறகு சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கிளேயை மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போங்கள். கிளே கைதவறித் தரையில் விழுந்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் தரையில் ஒட்டிய மணல் அதை விட்டுப் போகாது, பெயின்ட்டைத்தான் கிழிக்கும்.

ஈரம் ஒற்றுவது

பெரிய துண்டைப் பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். தேய்க்கவே வேண்டாம், துண்டு தானாகக் குடித்துக்கொள்ளும். கூரை, கண்ணாடி, கதவுகள் எல்லாம் முடிந்ததும் வேலை முடிந்த மாதிரித் தோன்றும். முடியவில்லை. சைடு மிரர், கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட், டெயில் லேம்ப் இடுக்கு எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். நாம் சீலன்ட் அடித்து முடிக்கும் நேரம் பார்த்துச் சரசரவென்று வழியும். அதனால் கதவு நான்கையும் டிக்கியையும் திறந்து ஓரங்களைத் துடையுங்கள். வண்டியைப் பத்தடி முன்னே எடுத்து பிரேக் போட்டு, பின்னே எடுத்து மறுபடி பிரேக் போடுங்கள். ஒளிந்திருந்த தண்ணீர் வெளியே வரும். இன்னொருமுறை துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள்.

வண்டியில் ஏற்கெனவே மெழுகோ வேறு பாலிஷோ போட்டிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, சுத்தமான தண்ணீர் நான்கு பங்கு கலந்து, துணியில் தெளித்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். சீலன்ட் வெறும் கிளியர் கோட்டோடு ஒட்டுவதுதான் முக்கியம். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து புதிதாக வந்த கதவோ பம்பரோ இருந்தால் அதில் மட்டும் இப்போது எதுவும் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட்டிலிருந்து கரைப்பான் வெளியேறி முடிய நாளாகும். குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், பெயின்ட் அடித்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சீலன்ட் அடிப்பது

மோதிரம், கடிகாரம், பெல்ட் பக்கிளைக் கழற்றி வையுங்கள். ரப்பர் கையுறையும் முகக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், பொடிப்பொடியாகப் பறக்கும் துளி மூச்சில் ஏற வேண்டியதில்லை. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள்.

இரண்டு துணியை எடுத்து ஒவ்வொன்றையும் நான்காக மடியுங்கள். ஒரு துணிக்கு எட்டு முகம் கிடைக்கும். ஒன்று பரப்பும் துணி, மற்றது மெருகேற்றும் துணி. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் குழப்பம் வராது.

முதல்முறை செய்பவர்கள் பானெட்டில் ஆரம்பிக்காதீர்கள். பின் கதவின் கீழ்ப்பாதியில் ஆரம்பியுங்கள். அளவும் வேகமும் கைக்குப் பழகுவதற்குள் வரும் தப்பெல்லாம் கண்ணில் படாத இடத்தில் போகட்டும்.

பரப்பும் துணியில் முதலில் மூன்று நான்கு தடவை ஸ்பிரே அடித்து லேசாக நனையுங்கள். இது ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும். காய்ந்த துணி முதல் சில துளிகளைத் தானே குடித்துவிடும், பெயின்ட்டுக்கு எதுவும் போகாது. பிறகு இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள ஒரு பகுதியைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அதில் இரண்டே ஸ்பிரே. உடனே துணியை நீளவாக்கில் இழுத்துப் பரப்புங்கள், அதன் மேலேயே குறுக்குவாக்கில் ஒருமுறை. இப்போது பெயின்ட்டின் மேல் கண்ணாடியில் ஊதினால் படியும் மூச்சுப்போல மங்கலாக ஒரு படலம் தெரியும். அது ஓரங்களிலிருந்து மறைந்துகொண்டே வரும். அந்த நேரம்தான் நேரம். மெருகேற்றும் துணியை எடுத்து அழுத்தாமல் துடைத்துவிடுங்கள். துணியைத் திருப்பிக் காய்ந்த முகத்தால் இன்னொருமுறை. அவ்வளவுதான், அடுத்த இரண்டடிக்குப் போங்கள், பழைய பகுதியின் மேல் மூன்று விரல் அகலம் ஏறி வரும்படி.

சில பாட்டிலில் ஒரு நிமிடம் காத்திருந்து துடைக்கச் சொல்லியிருப்பார்கள், சிலவற்றில் உடனே. பாட்டில் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வெக்கையான நாளில் ஒரு நிமிடம் என்பது நம் ஊரில் அரை நிமிடம்தான். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அதிகமாக அடிப்பது. காசு கொடுத்து வாங்கினோம், கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும் என்று தோன்றும். கனமாக நிற்காது. கிளியர் கோட் பிடித்துக்கொள்வது ஒரு மெல்லிய படலத்தைத்தான். மீதி எல்லாம் துணிக்குப் போகும், அல்லது கோடு கோடாக நிற்கும். சின்ன ஹேட்ச்பேக் ஒன்றுக்கு எனக்கு 30 முதல் 40 மில்லி ஆகிறது. அரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு முதல் பதினாறு முறை வரும்.

இரண்டாவது தப்பு, மெருகேற்றும் துணி ஈரமான பிறகும் அதையே வைத்திருப்பது. எட்டு முகமும் முடிந்ததா, தூரப் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுங்கள். கோடு விழுகிறது என்று என்னைக் கூப்பிடுபவர்களிடம் முதலில் துணியைத்தான் கேட்பேன். வாங்கிப் பார்த்தால் அநேகமாக நனைந்திருக்கும்.

பின் கதவுகள் பழகியதும் கூரை, பானெட், முன் கதவுகள், பம்பர் என்று முடியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் போனின் டார்ச்சைப் பெயின்ட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது.

கறையாக நின்றுவிட்டால்

மச்சினன் காரில் வந்த வானவில் இதுதான். பயப்பட வேண்டியதில்லை. சுரண்ட வேண்டாம், பெட்ரோல், தின்னர் எதையும் எடுக்க வேண்டாம். வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய்ப் பெயின்ட் ஆறும்வரை விடுங்கள். அதே சீலன்ட்டை அந்தக் கறையின் மேலேயே ஒரு ஸ்பிரே அடித்துப் பரப்புங்கள். புதிதாகப் போட்டது பழையதை இளக்கிவிடும். உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். நாங்கள் அன்று சாயங்காலம் பானெட்டை ஆறு பகுதியாகப் பிரித்து இப்படியே எடுத்தோம், சுவடில்லாமல் போனது. இரண்டு நாள் இறுகிவிட்ட கறை என்றால் முன்னே சொன்ன ஆல்கஹால் கலவையால் துடைத்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

எங்கே அடிக்கக் கூடாது

முன் கண்ணாடியில் வேண்டாம். வைப்பர் தடதடவென்று குதிக்கும், ராத்திரி மழையில் எதிர்வண்டி வெளிச்சம் மங்கலாகப் பரவும். கண்ணாடிக்கென்று தனிப் பொருள் இருக்கிறது. பிரேக் டிஸ்க் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது, அதனால் சக்கரத்துக்கு அடிப்பதென்றால் துணியில் அடித்துத் துணியால் தடவுங்கள். டயர், ஸ்டீயரிங், பெடல், பைக் சீட் எதற்கும் வேண்டாம், வழுக்கும். மினுமினுப்பே இல்லாத மேட் பெயின்ட் என்றால் மேட்டுக்கு ஏற்றது என்று பாட்டிலில் எழுதியிருந்தால் மட்டும். ஹெட்லைட்டுக்குத் தாராளமாக அடிக்கலாம்.

அதன் பிறகு

அன்று முழுவதும், முடிந்தால் மறுநாள் காலைவரை, வண்டி நனையாமல் இருக்கட்டும். மழை வந்துவிட்டால் ஓடிப்போய்ப் பெரிய துண்டால் ஒற்றிவிடுங்கள், தண்ணீர் அதன்மேல் காய விடாதீர்கள். அன்றைக்கே கவர் போட்டு மூடவும் வேண்டாம்.

அடுத்த நாள் காலையில்தான் இன்னொரு வேலை இருக்கிறது, அது பாட்டில் சம்பந்தப்பட்டதில்லை. எங்கள் குடியிருப்பில் ஓர் அண்ணன் தினமும் ஐந்து மணிக்கு வந்து பதினான்கு வண்டி துடைக்கிறார். ஒரு வாளி, ஒரு துணி. நான் போய், "தூசி இருந்தாலும் பரவாயில்லண்ணா, காய்ஞ்ச துணி மட்டும் போட வேண்டாம்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "தூசியோட விட்டா நான் வரவே இல்லன்னு நெனச்சுக்குவாங்க சார்" என்றார். அவர் சொன்னது நியாயம். பளபளவென்று இல்லாவிட்டால் சம்பளத்தைப் பிடிப்பவர்கள் நாம்தானே. இப்போது எங்கள் இரண்டு வண்டிக்கும் தினமும் துடைப்பது கிடையாது. வாரம் இரண்டு நாள், இரண்டு வாளி, நாங்கள் வாங்கிக் கொடுத்த கையுறை, பழைய சம்பளமே. சீலன்ட் இருப்பதால் தூசி லேசாகத்தான் உட்காருகிறது, தண்ணீர் விட்டாலே பாதி போய்விடுகிறது என்று அவரே மற்ற வீடுகளில் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

காக்கை, புறா எச்சம் விழுந்தால் அன்றைக்கே எடுங்கள். அதிலிருக்கும் யூரிக் அமிலம் ஒரு பக்கம் அரிக்கும். வெயிலில் கிளியர் கோட் இளகி விரிந்து, சாயங்காலம் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையும் தன்மேல் பதித்துக்கொள்ளும். தேய்க்காதீர்கள், அதில் மணலும் விதையும் இருக்கும். துணியை நன்றாக நனைத்து அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்துவிட்டு, அப்படியே அள்ளி எடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு மேலே படியும் பிசுபிசுப்புக்கும் இதே வைத்தியம்.

சீலன்ட் தீர்ந்ததா என்பதைத் தண்ணீர் சொல்லும். முத்தாகத் திரண்டு ஓடியது தட்டையாகப் பரவி நிற்க ஆரம்பித்தால் சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்பட்டு அடுத்த கோட் அடிக்காதீர்கள். பல சமயம் மேலே அழுக்குப் படலம் படிந்ததால்தான் அப்படி ஆகும். ஷாம்பூவில் நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து திரும்ப வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். முதல்முறைபோல நேரம் ஆகாது, கிளே வேலை பெரும்பாலும் இருக்காது.

துணிகளை அன்றே துவைத்துவிடுங்கள், சீலன்ட் காய்ந்து இறுகினால் இழைகள் முள்ளாகிவிடும். வீட்டுப் பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட வேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் வாசனைத் திரவமும் வேண்டாம், அது இழையை அடைத்து ஈரம் உறிஞ்ச விடாது. வெந்நீர் தேவையில்லை. நிழலில் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பாட்டிலை டிக்கியில் போட்டு வைக்காமல் வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.